பயிர் காக்கும் நஞ்சும் பயிர் காக்கும் பூச்சியும்

முன்னுரை

திருக்குர்ஆனின் அத்தியாயங்களுள் மூன்று, சின்னஞ்சிறு உயிர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 16ஆம் அத்தியாயம் தேனீ. 27ஆம் அத்தியாயம் எறும்பு. 29ஆம் அத்தியாயம் சிலந்தி. காலடியில் நசுங்கும் உயிரையும் கண்திறந்து நோக்குக என்பதே இப்பெயர்கள் நமக்கு உணர்த்தும் முதற்பாடம் எனலாம். இம்மூன்றும் உழவனின் வயலில் ஊதியமின்றி உழைப்பவை என்பதும் எண்ணத்தக்கது. தேனீ மகரந்தச் சேர்க்கைக்குத் துணை நிற்கிறது; எறும்பும் சிலந்தியும் பயிர் தின்னும் புழு பூச்சிகளை இரையாக்கிக் கொள்கின்றன.

கல்வராயன் மலையடிவாரத்தில் வசிட்ட நதியின் கரைகளில் பரந்து கிடக்கும் ஆத்தூர் வட்டாரம் நெல், மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி, மஞ்சள், காய்கறி எனப் பலவும் விளையும் பூமி. இங்கு நடைபெறும் பருத்தி ஏலத்தில் 'பி.டி.' என்றும் 'டி.சி.எச்.' என்றும் இரகம் கூறியே மூட்டைகள் விலைபோகின்றன. 'பி.டி.' என்னும் அவ்விரண்டு எழுத்துகள் எதனைக் குறிக்கின்றன? அப்பயிர் புழுவைக் கொல்லும் என்றால், புழுவைத் தின்னும் பூச்சியையும் தேன் தேடி வரும் தேனீயையும் என்ன செய்யும்? அச்செய்தியை அறிவியலார் எங்ஙனம் அளந்தறிகின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

ஏத்தாப்பூர் தந்த பாடம்

நன்மை செய்யும் பூச்சிகளின் மதிப்பை உணர நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் அது சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளித் தோட்டங்களிலும் பரவிற்று. நுனிக்குருத்துகள் சுருண்டு செடி குட்டையாயிற்று. கிழங்கின் விளைச்சல் சரிந்தது. கிழங்கை நம்பியிருந்த உழவரும், ஜவ்வரிசி ஆலைகளை நம்பியிருந்த தொழிலாளரும் ஒருங்கே கலங்கினர்.

இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்கக் கண்டத்தைப் பஞ்சத்தின் விளிம்பிற்குத் தள்ளியதாகும். அங்கு அதனை அடக்கியது தென் அமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட, கொசுவினும் சிறிய ஒரு குளவி. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெர்ரன் என்னும் அறிஞர் 1995ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு பெற்றார். அக்குளவியைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021ஆம் ஆண்டு பெனின் நாட்டிலிருந்து வருவித்துச் சோதித்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஆத்தூருக்கு அணித்தேயுள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது உழவர் முன்னிலையில் வயல்வெளிக்கு விடப்பட்டது. தாய்க்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று முடிக்கும்.

இத்தகைய ஒட்டுண்ணிக் குளவிகளும், பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி ஆகிய இரைவிழுங்கிகளும், தேனீ முதலிய மகரந்தச் சேர்க்கையாளர்களும் நன்மை செய்யும் உயிர்கள் எனப்படும். ஒரு புதிய பயிர் இவற்றுக்குத் தீங்கு செய்யுமா என்று கேட்பது வீண் ஐயமன்று. உழவனின் வாழ்வையே தொட்டு நிற்கும் வினா அது.

பி.டி. என்பது யாது?

மண்ணில் இயல்பாக வாழும் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்னும் நுண்ணுயிரின் பெயர்ச் சுருக்கமே பி.டி. என்பது. 1901ஆம் ஆண்டு சப்பானிய அறிஞர் இசிவாட்டா பட்டுப்புழுக்களை மாய்த்த நோயின் காரணத்தைத் தேடுகையில் இதனைக் கண்டார். பின்னர் செருமனியின் துரிஞ்சியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுக்களில் இதனைக் கண்ட பெர்லினர் என்பார் இதற்குப் பெயரிட்டார். ஆகவே இந்நுண்ணுயிர் மாந்தர்க்கு முதன்முதலில் அறிமுகமானதே நமக்கு நன்மை செய்யும் ஒரு புழுவைக் கொன்ற பகையாகத்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நுண்ணுயிர் படிக வடிவிலான ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. புழு அதனை உண்டால், காரத்தன்மை வாய்ந்த அதன் நடுக்குடலில் படிகம் கரையும். செரிமான நொதிகள் அதனை வெட்டிச் செயலூக்கம் தரும். அவ்வாறு ஊக்கம் பெற்ற புரதம் குடற்சுவரிலுள்ள ஏற்பிகளில், பூட்டில் சாவி பொருந்துவது போலப் பொருந்திக் குடலில் துளையிடும். புழு உண்பதை நிறுத்தி மடியும். பொருந்தும் ஏற்பி இல்லாத உயிரிடத்து இப்புரதம் பெரும்பாலும் செயலற்றுப் போகிறது. பி.டி. புரதங்களிலும் பல வகையுண்டு. பருத்தியில் இடப்பட்ட 'கிரை1ஏசி' என்பது அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களின் புழுக்களைத் தாக்குவது. 'கிரை3' வகையோ வண்டினங்களைத் தாக்குவது.

இப்புரதத்தை ஆக்கும் மரபணுவைப் பயிரின் மரபணுத் தொகுதியில் சேர்த்துவிட்டால் அப்பயிரே நஞ்சைத் தன்னுள் உண்டாக்கிக் கொள்ளும். அங்ஙனம் உருவான பி.டி. பருத்தியின் மூன்று கலப்பினங்களுக்கு இந்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2002ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அனுமதி அளித்தது. இரண்டு பி.டி. மரபணுக்களைக் கொண்ட பருத்தி 2006இல் வந்தது.

'பி.டி. நுண்ணுயிரைத் தெளிப்பு மருந்தாகப் பல ஆண்டுகள் பயன்படுத்தியுள்ளோம்; ஆகவே பி.டி. பயிருக்குத் தனிச் சோதனை எதற்கு?' என்று வினவுவார் உளர். தெளிக்கப்பட்ட மருந்து வெயிலிலும் மழையிலும் சில நாட்களில் அழிந்துபோகும். பயிருக்குள் உள்ள புரதமோ பருவம் முழுவதும் இருக்கும். சில பயிர்களில் அது முழுப்படிகமாக இராமல் சுருக்கிய வடிவிலேயே உண்டாகிறது. எனவே தெளிப்பின் வரலாற்றைக் கொண்டே பயிருக்கு நற்சான்று வழங்கிவிட இயலாது. தனிச் சோதனை தேவையே.

ஐயம் எழுந்த வரலாறு

1998ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஹில்பெக் என்னும் பெண் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பி.டி. மக்காச்சோளத்தைத் தின்ற புழுக்களை இரையாகக் கொண்ட கண்ணாடி இறக்கைப் பூச்சியின் இளம்புழுக்களில் நூற்றுக்கு 62 மடிந்தன. சாதாரண மக்காச்சோளம் தின்ற புழுக்களை உண்டவற்றில் 37 மடிந்தன. மறு ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லோசியும் குழுவினரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை உலகையே உலுக்கிற்று. பி.டி. மக்காச்சோள மகரந்தம் தூவிய எருக்கினச் செடியின் இலைகளைத் தின்ற மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களில் நூற்றுக்கு 44 நான்கே நாட்களில் மாண்டன என்பது அதன் செய்தி.

ஒரு சாரார் 'நஞ்சு வெளிப்பட்டுவிட்டது' என்றனர். மறு சாரார் 'ஆய்வுக்கூடத்து விளையாட்டு' என்று இகழ்ந்தனர். ஆனால் உண்மை இவ்விரு கூச்சல்களுக்கும் அப்பால் இருந்தது. எச்செய்தியையும் தீர விசாரித்தே ஏற்க வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். சொன்னவர் யாரென்று பாராது சொன்னதன் மெய்மையைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். அறிவியலாரும் அவ்வழியே நின்று அடுத்த கட்ட ஆய்வுகளை மேற்கொண்டனர்.

கண்ணாடி இறக்கைப் பூச்சி மாண்டது நஞ்சினாலா, நோயுற்ற இரையை உண்டதனாலா என்பது முதல் வினா. பி.டி. தின்ற புழு தானே நலிந்து கிடப்பது; நலிந்த இரை சத்தற்ற உணவாகும். இவ்விரண்டையும் பிரித்தறிய, பி.டி.யால் பாதிக்கப்படாத செஞ்சிலந்திப் பேன்கள் இரையாக அளிக்கப்பட்டன. அவற்றின் உடலில் பி.டி. புரதம் மிகுதியாக இருந்தும் அவற்றை உண்ட இளம்புழுக்கள் நலமாகவே வளர்ந்தன. தூய புரதத்தைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து நேரே ஊட்டியபோதும் தீங்கு காணப்படவில்லை. இரையின் நலிவே காரணம் என்ற முடிவு இதனால் வலுப்பெற்றது.

மொனார்க் பற்றிய வினாவிற்கு 2001ஆம் ஆண்டு வெளியான பல ஆய்வுகள் விடையளித்தன. வயலில் அவ்வண்ணத்துப்பூச்சியின் புழு உண்மையில் எவ்வளவு மகரந்தத்தை உண்கிறது என்று அளக்கப்பட்டது. பரவலாகப் பயிரிடப்பட்ட வகைகளின் மகரந்தத்தில் நஞ்சு குறைவு. ஆகவே இடர் சிறிது என்று தெரிந்தது. ஆயின் '176' என்னும் எண் கொண்ட ஒரு வகையின் மகரந்தம் மெய்யாகவே கொடியது என்பதும் உறுதியாயிற்று. அது சிறுபரப்பில் மட்டுமே பயிரிடப்பட்டு, பின்னர் விலக்கிக் கொள்ளப்பட்டது. ஐயம் எழுப்பியோரும் முற்றிலும் தவறவில்லை; ஐயம் எழுந்ததால்தான் அளவீடு நிகழ்ந்தது.

அளந்தறியும் முறை

மேற்கூறிய வரலாற்றினின்றும் ஐந்து வினாக்களை நாம் திரட்டிக் கொள்ளலாம். எப்பயிரைப் பற்றிய ஆய்வாயினும் இவ்வைந்தையும் கேட்டல் வேண்டும்.

முதலாவது, எப்பூச்சி? வயலில் வாழும் நூற்றுக்கணக்கான உயிர்களையும் சோதிக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் ஒரு பிரதிநிதி தேர்ந்தெடுக்கப்படும். மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ, இரைவிழுங்கிக்குப் பொறிவண்டு, ஒட்டுண்ணிக்குக் குளவி, மண்வளத்திற்கு மண்புழு என்றவாறு தேர்வு அமையும். அயல்நாட்டில் சோதித்த பூச்சி நம் வயலில் வாழாததாயின் அச்சோதனை நமக்கு அரைகுறையே.

இரண்டாவது, எவ்வழியே எவ்வளவு நஞ்சு சேர்கிறது? நஞ்சு இருப்பது வேறு. அது வாய்க்குள் போவது வேறு. அசுவினி பயிரின் சாற்றுக்குழாயிலிருந்து சாறு உறிஞ்சுவது, அச்சாற்றில் பி.டி. புரதம் மிக அரிது. 2009இல் வெளியான ஆய்வொன்று இந்தியப் பி.டி. பருத்தி இரகங்களில் வளர்ந்த அசுவினிகளைச் சோதித்து இதனை உறுதிசெய்தது. எனவே அசுவினியை மட்டும் தின்னும் பொறிவண்டுக்கு நஞ்சு சேரும் வாய்ப்புக் குறைவு. பட்டுப்புழுவை நோக்குக. அது பி.டி.யால் மடியக்கூடிய இனமே. ஆயினும் பருத்தியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையது, காற்றில் பறவாதது. ஆதலின் அருகிலுள்ள மல்பெரி இலையை அது சென்றடைவது அரிது. மக்காச்சோள மகரந்தமோ காற்றில் செல்வது. பி.டி. மக்காச்சோளத்திற்கு இந்தியாவில் வணிக அனுமதி வழங்கப்படவில்லை. நாளை வழங்க முற்பட்டால், மல்பெரித் தோட்டங்களை அடுத்த வயல்களில் இவ்வளவீட்டைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, எப்படிநிலையில் சோதித்தனர்? முதற்படி ஆய்வுக்கூடம். அங்கு வயலில் கிடைப்பதினும் பல மடங்கு, சான்றாகப் பத்து மடங்கு, நஞ்சு நேரே ஊட்டப்படும். அதிலும் தீங்கில்லையேல் வயலில் தீங்கு நேரும் வாய்ப்பு மிகக் குறைவு எனக் கொள்வர். தீங்கு தென்படின் கூண்டு அமைத்த பயிரிலும், பின்னர் திறந்த வயலிலும் சோதனை தொடரும்.

நான்காவது, எத்தனை வயல், எத்தனை ஆண்டு? 'வேறுபாடு காணப்படவில்லை' என்பதும் 'வேறுபாடு இல்லை' என்பதும் ஒன்றல்ல. நான்கு பாத்திகளில் ஒரு பருவம் மட்டும் எண்ணினால் பெரிய குறைவும் கண்ணுக்குத் தப்பிவிடும். பாத்திகள் சிறியனவாயின் பூச்சிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பறந்து கணக்கையே குழப்பிவிடும்.

ஐந்தாவது, எதனோடு ஒப்பிட்டனர்? இதுவே தலையாய வினா.

ஒப்பீடு உணர்த்தும் உண்மை

2007ஆம் ஆண்டு மார்வியரும் குழுவினரும் 42 வயல் ஆய்வுகளைத் தொகுத்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். பி.டி. பயிர் வயல்களில், பூச்சிக்கொல்லி தெளித்த சாதாரணப் பயிர் வயல்களைக் காட்டிலும் இலக்கல்லாச் சிற்றுயிர்கள் மிகுதியாக இருந்தன. ஆனால் பூச்சிக்கொல்லியே தெளிக்காத சாதாரண வயல்களோடு ஒப்பிட்டபோது, அவற்றுள் சில வகைகள் பி.டி. வயல்களில் குறைந்தே இருந்தன. ஒரே தொகுப்பு, இரு விடைகள். முதல் விடையை மட்டும் கூறுவோரும், இரண்டாவதை மட்டும் கூறுவோரும் பாதி உண்மையையே கூறுகின்றனர்.

இரண்டாவது விடைக்கும் பொருளுண்டு. புழு குறைந்தால் புழுவை நம்பி வாழும் ஒட்டுண்ணியும் குறைவது இயற்கை. அது நஞ்சின் நேர்விளைவன்று. உணவு குன்றியதன் விளைவு. ஆயினும் குளவியின் நோக்கில் இரண்டும் இழப்பே.

சீனத்தின் பட்டறிவு இதனை மேலும் தெளிவாக்கும். அங்கு 1997 முதல் பி.டி. பருத்தி பயிராகிறது. 1990 முதல் 2010 வரை 36 இடங்களில் திரட்டிய கணக்கின்படி, தெளிப்புக் குறைந்ததால் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் சிலந்தியும் பெருகின, அசுவினி குறைந்தது, அந்நன்மை அண்டையிலிருந்த மக்காச்சோளம், நிலக்கடலை, சோயா வயல்களுக்கும் பரவிற்று. இது 2012இல் வெளியான செய்தி. அதே அறிஞர் குழு 2010இல் மற்றொன்றையும் அறிவித்திருந்தது. முன்பு தெளிப்பினால் அடங்கிக் கிடந்த மிரிட் நாவாய்ப்பூச்சிகள் பெருகிப் பழமரங்களையும் தாக்கின என்பதே அது.

ஆகவே பி.டி. பயிரின் நன்மை அதன் மரபணுவில் மட்டும் இல்லை; தெளிப்பான் சுவரில் தொங்கிக் கிடப்பதில் உள்ளது எனலாம்.

இந்திய மண்ணில் நிகழ்ந்தது

நம் நாட்டில் பி.டி. பருத்தி வந்த தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழுவுக்கான தெளிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் பி.டி. புரதம் சாறுறிஞ்சும் பூச்சிகளைத் தொடுவதில்லை. தத்துப்பூச்சி, இலைப்பேன், வெள்ளை ஈ ஆகியவை தலையெடுத்தன. 2015இல் பஞ்சாபின் பருத்தி வெள்ளை ஈயால் பேரழிவுற்றது. மறுபுறம், இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யைத் தாங்கும் திறன் பெற்றது. ஒற்றை மரபணுப் பருத்தியை அது வென்றுவிட்டதாகக் குஜராத்திலிருந்து 2010இல் அறிவிப்பு வந்தது. சில ஆண்டுகளில் இரட்டை மரபணுவும் அதற்கு ஈடுகொடுக்க இயலாதாயிற்று. கிராந்தியும் ஸ்டோனும் 2020இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு, இந்திய உழவர் பூச்சிக்கொல்லிக்குச் செலவிடும் தொகை பி.டி.க்கு முந்தைய காலத்தையும் விஞ்சிவிட்டதாகக் காட்டிற்று.

இதனால் விளைவது யாது? ஆய்வறிக்கைகளில் நாம் கண்ட 'தெளிக்காத பி.டி. வயல்' நம் ஊரில் பல இடங்களில் இல்லை, 'தெளித்த பி.டி. வயலே' உள்ளது. முன்னதற்குத் தந்த நற்சான்றைப் பின்னதற்குக் காட்டுவது முறையாகாது. பி.டி. புரதம் தேனீயைக் கொல்லாது என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. 2008இல் 25 ஆய்வுகளைத் தொகுத்தோர் தேனீயின் உயிர்வாழ்வில் குறைவு காணவில்லை. ஆனால் அதே செடியின் மீது தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி தேனீயை விட்டுவைப்பதில்லை.

கத்தரிக்காய் தந்த எச்சரிக்கை

தலைவாசல் காய்கறிச் சந்தைக்கு நாள்தோறும் வரும் கத்தரியும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. தண்டு மற்றும் காய்த்துளைப்பானை எதிர்க்கும் பி.டி. கத்தரியை உருவாக்குவதில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டது. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு இசைவளித்தது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டபின், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று அதனை நிறுத்திவைத்தார். சோதனைகள் போதிய அளவு சார்பற்றனவாகவும் நீண்டனவாகவும் இல்லை என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. வங்கதேசம் 2013இல் அதற்கு அனுமதி வழங்கியது. பிலிப்பைன்சில் நடந்து 2016இல் வெளியான வயல் ஆய்வு, இலக்கல்லாப் பூச்சிகளுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை என்றது.

2022இல் மரபணு மாற்றக் கடுகிற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டபோது, தேனீக்கள் மீதான விளைவை அனுமதிக்குப் பிறகு ஆய்ந்து கொள்ளலாம் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. இது பூச்சி எதிர்ப்புப் பயிர் அன்று எனினும், முறை பற்றிய வினா ஒன்றே. விதைத்த பின் அளப்பதா, அளந்த பின் விதைப்பதா? 2024 சூலையில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இவ்வழக்கில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர் என்பதே இவ்வினாவின் கடினத்தைக் காட்டும்.

நாம் செய்யக்கூடியது

இத்தகைய அளவீடு பெரும் நிறுவனங்களுக்கே உரியது என்று நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது. உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய மாணவர் பலர் நம் வகுப்பறைகளில் உள்ளனர். வாரம் ஒருமுறை, காலை வேளையில், வயலின் ஐந்து இடங்களில் பத்துச் செடிகளை நோக்கிப் பொறிவண்டு எத்தனை, சிலந்தி எத்தனை, அசுவினி எத்தனை என்று ஏட்டில் குறிக்கலாம். தெளித்த வயல், தெளிக்காத வயல், பி.டி. வயல், பி.டி. அல்லாத வயல் என நான்கையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒரு பருவத்துக் கணக்குச் சிறிது. ஐந்தாண்டுக் கணக்கு ஊரின் சொத்து.

2002இல் அனுமதி வழங்கியபோது, பி.டி. பருத்தியைச் சுற்றி ஐந்து வரிசையோ பரப்பில் ஐந்தில் ஒரு பங்கோ சாதாரணப் பருத்தி இடவேண்டும் என விதிக்கப்பட்டது. புழு எதிர்ப்புத் திறன் பெறுவதைத் தாமதப்படுத்தவே அவ்விதி. அத்தகைய ஓரப்பயிர் ஒட்டுண்ணிகளுக்கும் புகலிடமாகும். விதைப்பையோடு தந்த அவ்விதையைப் பயனற்றதென்று எறிந்தவர்கள், தம் காவலரையே ஊரைவிட்டு அனுப்பியவராவர். வரப்பில் தட்டைப்பயறும் ஆமணக்கும் செண்டுமல்லியும் இடுவதும், பூச்சியைக் கண்டவுடன் தெளியாமல் எண்ணிப் பார்த்துத் தெளிப்பதும் அவற்றைத் திரும்ப அழைக்கும் வழிகளாகும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், அந்துப்பூச்சி இனம் சாராத நன்மை செய்யும் பூச்சிகளுக்குப் பி.டி. புரதம் நேரடியாகப் பெருந்தீங்கு விளைவிப்பதாகச் சான்றுகள் காட்டவில்லை என்பதும், இரை குறைவதால் சில குறையக்கூடும் என்பதும், உண்மையான அழிவு பெரிதும் தெளிப்பான் வழியே வருகிறது என்பதும், ஒரு பயிருக்குத் தந்த சான்று மற்றொரு பயிருக்குப் பொருந்தாது என்பதும் பெறப்படும்.

நிலம் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் குறையாமல் திருப்பித் தருவதே நம்பிக்கைக்குரியவனின் இலக்கணம். குறைந்ததா, குறையவில்லையா என்று அறிய வேண்டுமாயின் முதலில் எண்ணி வைத்திருக்க வேண்டும். ஏத்தாப்பூரில் வயலுக்கு விடப்பட்ட அச்சிறு குளவியின் வழித்தோன்றல்களை எண்ணும் பணியை நம் மாணவர் மேற்கொள்வாராக.